இடைவேளையில் எழுந்து வருவது எப்படி

மணி 9:10. டிக்கெட்டில் போட்டிருந்த நேரம் 6:30. திரையில் ஹீரோவின் சின்ன வயசு ஃப்ளாஷ்பேக் ஓடிக்கொண்டிருந்தபோதே அதற்குள் வில்லனின் ஃப்ளாஷ்பேக் ஒன்று தொடங்கியது. எனக்கு முன்வரிசையில் நாலு பேர், சொல்லி வைத்த மாதிரி, ஒரே நேரத்தில் மொபைலை எடுத்து மணி பார்த்தார்கள். அதில் ஒருத்தர் அதைத் திரும்ப உள்ளே வைக்கவே இல்லை, அப்படியே கிரிக்கெட் ஸ்கோருக்குப் போய்விட்டார்.

பக்கத்தில் அக்கா வீட்டுக்காரர். காதோரம் குனிந்து, "மாமா, கிளம்பிடலாமா?" என்றேன். "டேய், ஒரு டிக்கெட் 190 ரூபாய்டா. அஞ்சு டிக்கெட். பேசாம உட்காரு" என்றார். உட்கார்ந்தோம். வெளியே வரும்போது பத்து தாண்டிவிட்டது, அக்கா பெண் என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்குகிறாள், பார்க்கிங்கிலிருந்து வண்டி தெருவுக்கு வர இன்னும் 25 நிமிடம். வழக்கமாகச் சாப்பிடும் ஹோட்டலில் நாற்காலியைக் கவிழ்த்து மேஜை மேல் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ராத்திரி 11:15-க்கு உப்புமா. 950 ரூபாயை வீணாக்கக் கூடாது என்று உட்கார்ந்ததற்குக் கிடைத்த உப்புமா அது.

அதற்கப்புறம் நீளப் படம் பார்ப்பதற்கென்றே சில பழக்கங்களை வைத்துக்கொண்டேன். இப்போதும் மாதம் இரண்டு படமாவது தியேட்டரில் பார்க்கிறேன், ஆனால் அந்த உப்புமா நிலைமைக்கு ஆளாகி ரொம்ப நாளாகிறது. அந்தப் பழக்கங்களைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், நீளமாக இருப்பதாலேயே ஒரு படம் மோசமாகிவிடாது. 'நண்பன்' 188 நிமிடம், யாரும் நெளிந்து நான் பார்த்ததில்லை. 'சூப்பர் டீலக்ஸ்' கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், கூட வந்தவர் பாப்கார்ன் கேட்டபோது கையால் அடக்கி உட்காரவைத்தேன். அதே நான் இரண்டு மணி பத்து நிமிடப் படத்தில் பூமி சுற்றுவதை நிறுத்திவிட்டதோ என்று யோசித்திருக்கிறேன். பிரச்சனை, சொல்ல விஷயம் தீர்ந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிற படங்கள். ஜவ்வு. அதிலிருந்து எப்படித் தப்பிப்பது, மாட்டினால் எப்படி வெளியே வருவது என்பதுதான் பேச்சு.

டிக்கெட் போடுவதற்கு முன்னால்

புக்கிங் ஆப்பில் படத்தின் பெயருக்குக் கீழே சின்னதாக ஓடும் நேரம் போட்டிருப்பார்கள். அதைப் பாதிப் பேர் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் அது படத்தின் நேரம்தான், உங்கள் நேரம் இல்லை. உங்கள் நேரத்துக்குக் கணக்கு இப்படி: 6:30 காட்சி, விளம்பரமும் டிரெய்லரும் 20 நிமிடம், படம் 2 மணி 50 நிமிடம், இடைவேளை 15 நிமிடம். ஆக 9:55. அதற்கு மேல் லிஃப்ட், பார்க்கிங், கேட் நெரிசல். வீட்டிலிருந்து கிளம்பிய நேரத்தையும் சேர்த்தால் ஐந்து மணி நேரத்தை ஒரு படத்துக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள். ஐந்து மணி நேரத்தில் வைகை எக்ஸ்பிரஸ் திருச்சி தாண்டிவிடும்.

(விளம்பர நேரம் சும்மா இல்லை. பெங்களூரில் ஒருவர் 2023 டிசம்பரில் 4:05 காட்சிக்குப் போய், படம் 4:30-க்குத்தான் போட்டார்கள் என்று நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 பிப்ரவரியில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது, அப்புறம் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அந்த மனிதரைப் பார்த்தால் ஒரு காபி வாங்கிக் கொடுப்பேன்.)

செகண்ட் ஷோவுக்கு என் விதி கறாரானது. 2 மணி 40 நிமிடத்துக்கு மேல் ஓடும் படத்துக்கு 10:30 காட்சி போடுவதில்லை. சென்னை மெட்ரோவில் கடைசி ரயில் 11 மணிக்கு, நீங்கள் வெளியே வரும்போது 2 மணி ஆகப்போகும், அந்த நேரத்தில் ஆட்டோக்காரர் சொல்கிற தொகையைக் கேட்டால் படமே பரவாயில்லை என்று தோன்றும்.

அடுத்தது, முதல் நாள் போகாதீர்கள். ரசிகராக இருந்தால் போங்கள், அது திருவிழா, அங்கே படம் ஒரு சாக்கு. கதை கேட்கப் போகிறவர்களுக்கு முதல் நாள் வேண்டாம். ஏனென்றால் இப்போதெல்லாம் முதல் நாள் ஓடும் படமும் அடுத்த வாரம் ஓடும் படமும் ஒரே படமாக இருப்பதில்லை. 'கோப்ரா' 2022 ஆகஸ்ட் 31-ல் மூன்று மணி மூன்று நிமிடத்துடன் வந்தது, ஓரிரு நாளிலேயே 20 நிமிடத்தை வெட்டினார்கள். 'இந்தியன் 2' 2024 ஜூலை 12-ல் மூன்று மணி நேரமாக வந்து, ஒரு வாரத்துக்குள் 12 நிமிடம் குறைந்தது. அதே வருஷம் நவம்பரில் 'கங்குவா', அதிலும் 12 நிமிடம். முதல் நாள் முழுக் காசு கொடுத்துப் போனவர்கள்தான் அந்த 12 நிமிடம் வேண்டாம் என்று தயாரிப்பாளருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், அதற்குச் சம்பளம் எதுவும் கிடையாது. அந்த வேலையை மற்றவர்கள் செய்யட்டும்.

சரி, ட்ரிம் செய்த பிறகு படம் நன்றாகிவிடுமா? என் அனுபவத்தில் பெரும்பாலும் இல்லை. தொய்வு எழுத்திலேயே இருந்தால் கத்திரி என்ன செய்யும், ஒரு பாட்டையும் ஒரு காமெடியையும் எடுப்பார்கள், அந்தப் பாட்டில்தான் நீங்கள் பாத்ரூம் போயிருப்பீர்கள். கண்டபடி வெட்டினால் இன்னும் மோசம். செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் அமெரிக்கா' 229 நிமிடப் படம், 1984-ல் அமெரிக்க விநியோகஸ்தர்கள் அதை 139 நிமிடமாக்கி, முன்னும் பின்னும் போகிற கதையை நேர்க்கோட்டில் அடுக்கி வெளியிட்டார்கள், அங்கே படம் படுத்துவிட்டது. முழுப் படத்தைத்தான் இன்றைக்கும் ஆட்கள் தேடிப் பார்க்கிறார்கள். அதனால் ட்ரிம் செய்திருக்கிறார்கள் என்ற போஸ்டரை நம்பி ஓடவேண்டாம். ஒரு வாரம் பொறுப்பது எதற்கென்றால், அதற்குள் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்திருப்பார்கள்.

அவர்களிடம் "படம் எப்படி?" என்று கேட்காதீர்கள். "நல்லாருக்கு", "ஒரு தடவை பார்க்கலாம்" என்று சொல்லிவிடுவார்கள், ஒரு தடவை பார்க்கலாம் என்பதற்கு நம் ஊரில் பார்க்கவேண்டாம் என்றுதான் அர்த்தம். "எப்போ மணி பார்த்தே?" என்று கேளுங்கள். யோசித்து, பார்க்கவே இல்லையே என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். இடைவேளைக்கு அப்புறம் ஒரு தடவை என்றால் பரவாயில்லை. "இடைவேளை எப்ப விடுவான்னு பார்த்தேன்" என்றால் ஓடிடியில் வரும்வரை காத்திருங்கள், தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நாலு வாரத்தில் வந்துவிடுகின்றன.

யூடியூப் விமர்சனங்களில் எனக்கு உதவுவது ஒரே ஒரு வாக்கியம்தான், "ஃபர்ஸ்ட் ஆஃப் ஓகே, செகண்ட் ஆஃப் கொஞ்சம் லேக்". ஓகே என்றால் சுமார், கொஞ்சம் லேக் என்றால் தூங்கிவிட்டார். தாராளமாகப் பேசுகிறவர்களே இப்படிச் சொன்னால் நிலைமை கவலைக்கிடம். 2024 டிசம்பரில் முதல் மூன்று நாள் யாரும் விமர்சனம் போடக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் தரப்பில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள், நீதிமன்றம் தடை போட மறுத்துவிட்டது. நமக்கு நல்லதுதான்.

இதையெல்லாம் விட நம்பகமான ஆள் ஒருவர் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் இன்னும் ஒரு ஒற்றைத் திரை தியேட்டர் ஓடுகிறது. அதன் பைக் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிறவர் படமே பார்ப்பதில்லை, பாட்டுச் சத்தம் மட்டும் சுவர் வழியாகக் கேட்கும். ஆனால் எந்தப் படம் தேறும் எது தேறாது என்று வெள்ளிக்கிழமை மத்தியானமே சொல்லிவிடுவார். இடைவேளையில் எத்தனை வண்டி வெளியே போகிறது என்பதுதான் அவர் கணக்கு. "ரெண்டு மூணு வண்டின்னா வீட்ல ஏதோ அவசரம். பத்துக்கு மேல போச்சுன்னா படம் போச்சு சார்."

ஏன் இவ்வளவு நீளம்?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் எழுதுகிறேன். பிலிம் காலத்தில் நீளத்துக்கு எடை இருந்தது. 35 எம்.எம். பிலிம் நொடிக்கு 24 பிரேம், நிமிடத்துக்கு 90 அடி. மூன்று மணி நேரப் படம் என்றால் 16,200 அடி. ஒவ்வொரு தியேட்டருக்கும் அத்தனை அடியைப் பிரதி எடுத்து, பெட்டியில் போட்டு, பஸ்ஸில் ஏற்றி அனுப்பவேண்டும். அடிக்குக் காசு. அதனால் வேண்டாத காட்சியைத் தூக்க ஒரு காரணம் கையிலேயே இருந்தது. போதாததற்குச் சின்ன ஊர் ஆபரேட்டர் வேறு இருந்தார். செகண்ட் ஷோவுக்கு நேரமாகிவிட்டால் ஒரு பாட்டைத் தூக்கிவிட்டு ஓட்டுவார், மறுநாள் அந்தப் பாட்டு ஓடியதா இல்லையா என்று ஊரில் பெட்டு கட்டுவார்கள்.

இதில் சுவாரசியமான காலம் இரண்டாம் உலகப் போர். பிலிம் தட்டுப்பாடு, அரசாங்கம் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தது. 90-ஆல் வகுத்துப் பாருங்கள், இரண்டு மணி இரண்டு நிமிடம். அந்தக் கெடுபிடி காலத்தில், 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. தமிழ் சினிமாவின் மாபெரும் ஓட்டங்களில் ஒன்று, அளவுச் சாப்பாடு போட்ட காலத்தில் நடந்தது.

இன்றைக்குப் படம் ஹார்டு டிஸ்க்கிலோ செயற்கைக்கோள் வழியாகவோ போகிறது. பத்து நிமிடம் கூடுதலாக அனுப்பினாலும் பஸ் சார்ஜ் ஏறாது. படப்பிடிப்பிலும் கேமரா ஓடிக்கொண்டே இருக்கலாம், பிலிம் தீராது. அதோடு நாலு மாநிலத்து நட்சத்திரங்கள் ஆளுக்கு ஒரு அறிமுகக் காட்சி, அறிமுகத்துக்கு ஒரு ஸ்லோமோஷன், ஐந்து பாட்டு ஆளுக்கு நாலரை நிமிடம் என்று வைத்தால் பாட்டே 22 நிமிடத்தைத் தாண்டிவிடும். கடைசியில், இவ்வளவு செலவு செய்து எடுத்ததை எப்படி வெட்டுவது என்கிற மனசு. அதுவும் என் மாமாவின் 190 ரூபாய் மனசும் ஒன்றுதான். அவர் அஞ்சு டிக்கெட்டுக்காக உட்கார்ந்தார், இவர்கள் கோடிக்கணக்கில் போட்டதற்காக நம்மை உட்காரவைக்கிறார்கள்.

உட்காரும் இடம்

நடைபாதை ஓர சீட் எடுங்கள். நட்ட நடு சீட்டில்தான் சவுண்டு சரியாகக் கேட்கும் என்பார்கள், கேட்கும்தான், ஆனால் அங்கே இருந்து எழுந்து வர இருபத்திரண்டு முழங்காலைத் தாண்டவேண்டும். ஓர சீட்டில் இருக்கிறவன் சுதந்திரமானவன். குடும்பத்தோடு போனால் ஓரத்திலிருந்து தொடர்ச்சியாக எடுங்கள், குழந்தை வைத்திருப்பவர் ஓரத்தில், அடுத்து கிளம்பும் ஆசை உள்ளவர், கிளம்பவே மாட்டேன் என்கிற மாமா கடைசியில்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பசியோடு பார்த்தால் நல்ல படமே இழுக்கும். உள்ளே வெளிச் சாப்பாட்டைத் தடுக்க தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில் இலவசக் குடிநீர் இருக்கவேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவை அனுமதிக்கவேண்டும் என்பதும் இருக்கிறது. பால் பாட்டிலை வாங்கி வைக்கச் சொன்னால் மறுத்துப் பேசலாம். ஏசி குளிருக்கு ஒரு சால்வை. மூன்று மணி நேரம் 18 டிகிரியில் உட்கார்ந்தால் எந்த கிளைமாக்ஸும் உறைக்காது.

செருப்பைக் கழற்றாதீர்கள். இது அற்பமாகத் தெரியும். முதல் பாதியில் காலை மடக்கி உட்காருவதற்காகக் கழற்றிவிடுவோம், கிளம்பும்போது ஒன்றுதான் காலில் தட்டுப்படும், இன்னொன்று சரிவில் சறுக்கி முன்வரிசைக்காரர் காலடியில் இருக்கும். அதற்காக இருட்டில் குனிந்து தடவிய நேரத்தில் அடுத்த பாட்டு வந்துவிட்டது எனக்கு.

இடைவேளை

இதுதான் முக்கியம். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் படம் ஒரே மூச்சாக ஓடும், நடுவில் போகிறவன் படத்தை அவமதித்த மாதிரி ஆகிவிடும். நம் ஊரில் விளக்கைப் போட்டு, கதவைத் திறந்துவிட்டு, பதினைந்து நிமிடம் யோசிக்க நேரமும் தருகிறார்கள். 'மேரா நாம் ஜோக்கர்' 1970-ல் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியதால் இரண்டு இடைவேளை விட்டார்கள், தப்பிக்க இரண்டு வாய்ப்பு. நாம் அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பாப்கார்ன் வரிசையில் கழிக்கிறோம்.

முதல் எச்சரிக்கை, இன்டர்வெல் பிளாக்கை நம்பாதீர்கள். இயக்குநர் மொத்தப் படத்திலும் ரொம்ப மெனக்கெடுவது அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான். ஹீரோ திரும்புவார், ஒரு வசனம், பின்னணி இசை காதைக் கிழிக்கும், இடைவேளை என்று எழுத்து விழும். அந்த வேகத்தில் யாருக்கும் கிளம்பத் தோன்றாது. அதனால் நான் அந்த ஐந்து நிமிடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, அதற்கு முந்தைய இருபது நிமிடத்தை நினைத்துப் பார்ப்பேன். அந்த இருபது நிமிடத்தில் நடந்தது ஒன்றாவது ஞாபகம் வருகிறதா? வரவில்லை என்றால் இரண்டாம் பாதி முழுக்க அதே இருபது நிமிடம்தான்.

இரண்டாவது, வெளியே வந்து கூட வந்தவரிடம் இதுவரை கதையை நாலு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "அவன் வந்தான், அடிச்சான், அப்புறம் ஒரு பொண்ணைப் பார்த்தான், அப்புறம் அடிச்சான்" என்று வந்தால் கதை இன்னும் தொடங்கவில்லை, இனிமேல் ஃப்ளாஷ்பேக் போட்டுத்தான் தொடங்குவார்கள். ஹீரோ யார் என்பதையே ஒன்றே முக்கால் மணி நேரம் மறைத்து வைத்திருந்தால் அடுத்த நாற்பது நிமிடம் அவர் யார் என்று விளக்கப் போகிறார்கள். நமக்கோ அவர் யாராக இருந்தாலும் சரி என்கிற நிலைமை.

மூன்றாவது நான் ரொம்ப நம்புவது, கேன்டீன் வரிசையில் காதைத் தீட்டி நிற்பது. நல்ல படம் ஓடும்போது அங்கே எல்லாரும் படத்தைப் பற்றிப் பேசுவார்கள், அவன் சாகலடா, பாரு திரும்ப வருவான், அந்தப் பெட்டியில என்ன இருக்கும் தெரியுமா என்று. மோசமான படத்தில் பப்ஸ் விலையைப் பற்றிப் பேசுவார்கள். ஆபீஸ், பார்க்கிங், நாளைக்கு மழை வருமா. ஒரு தடவை நான் நின்ற வரிசையில் முன்னால் இரண்டு பேர் வீட்டுக் கடன் வட்டியைப் பற்றி ரொம்பத் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அப்போதுதான் ஹீரோவின் ஊரே எரிந்து முடிந்திருந்தது.

கடைசியில் மிச்ச நேரக் கணக்கு. படம் 170 நிமிடம், இடைவேளை 90-வது நிமிடத்தில் என்றால் இன்னும் 80 இருக்கிறது. டிக்கெட் காசு உட்கார்ந்தாலும் போனாலும் திரும்ப வராது, அது உள்ளே நுழையும்போதே போய்விட்டது. கையில் மிச்சம் இருப்பது அந்த 80 நிமிடம் மட்டும்தான். அதை எதற்குக் கொடுக்கலாம் என்று மட்டும் பாருங்கள். 2024 டிசம்பரில் டெல்லி, குருகிராம் பக்கம் பிவிஆர் ஐநாக்ஸ் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. டிக்கெட்டுக்குப் பத்து சதவீதம் கூடக் கட்டினால், பாதியில் கிளம்பும்போது எவ்வளவு படம் மிச்சமோ அதற்கேற்பக் காசு திரும்ப வரும். முக்கால்வாசிக்கு மேல் மிச்சம் இருந்தால் 60 சதவீதம், பாதிக்கு மேல் என்றால் 50, கால்வாசிக்கு மேல் என்றால் 30. நம் பக்கம் அது வந்தால் முதல் ஆளாக நிற்பேன். மாமாவையும் கூட்டிக்கொண்டு போவேன், அவருக்கு அந்த 30 சதவீதம் போதும் கிளம்புவதற்கு.

எழுந்து வருவது

இடைவேளைக்கு வெளியே வரும்போதே பையோடு வாருங்கள். பை சீட்டில் இருந்தால் மனசும் அங்கேயே இருக்கும், எடுக்கப் போனோம் விளக்கு அணைந்துவிட்டது சரி உட்காருவோம் என்றாகிவிடும். பை தோளில் இருந்தால் வாசல் பக்கம் கால் தானாகப் போகும்.

தனியாகப் போனால் இதோடு முடிந்தது. கூட ஆள் இருந்தால்தான் ராஜதந்திரம் வேண்டும். டிக்கெட் போட்டவரிடம் படம் மொக்கை என்று சொல்லவே சொல்லாதீர்கள், அது அவர் சமையலைக் குறை சொன்ன மாதிரி. குழந்தை இருந்தால் குழந்தைக்குத் தூக்கம் வருகிறது, இல்லையென்றால் காலையில் தண்ணி லாரி வருகிறது. எப்படியும் அவரும் ஒரு காரணத்துக்காகத்தான் காத்திருப்பார், பாதி நேரம் வரிசையில் உள்ள எல்லாருக்குமே கிளம்ப ஆசை, யார் முதலில் சொல்வது என்பதுதான் சிக்கல். மாமனார் தன் இளவயசு நாயகனின் படத்துக்குக் கூட்டிப் போயிருந்தால் மட்டும் பேசாமல் உட்காருங்கள். அங்கே படம் பார்ப்பது நீங்கள் இல்லை, உங்களை அவர் பார்க்கிறார்.

இடைவேளையைத் தவறவிட்டு நடுவில் கிளம்பவேண்டும் என்றால் பாட்டு வரும்வரை பொறுங்கள், பாட்டில் நாலு பேர் எழுவார்கள், அவர்களோடு கலந்துவிடலாம். குனிந்து போங்கள், மொபைல் டார்ச் படிக்கட்டைப் பார்த்து மட்டும். வாசல் தாண்டும்வரை வாயைத் திறக்காதீர்கள், உள்ளே பிடித்துப் பார்க்கிறவர் ஒருத்தராவது இருப்பார். நாம் ஜவ்வு என்று எழுந்து வந்த படத்தைப் பத்து வருஷம் கழித்து ஊரே கொண்டாடுவதும் உண்டு. 'ஆயிரத்தில் ஒருவன்' 2010 பொங்கலுக்கு வந்தபோது இரண்டாம் பாதி புரியவில்லை, இழுக்கிறது என்றுதான் பலர் சொன்னார்கள், 2020 கடைசி நாளில் திரும்ப ரிலீஸ் செய்தபோது அதே இரண்டாம் பாதிக்கு விசில் பறந்தது. அதனால் எழுந்து வந்ததை ஊருக்கு அறிவிக்கவேண்டாம். பிற்பாடு பிடித்துப்போனால் மாற்றிப் பேச வசதியாக இருக்கும்.

எழ முடியாத நிலைமைகள் உண்டு. ஆபீஸில் மொத்தமாகக் கூட்டிப் போனது, ஒரே கார், சாவி உங்களிடம் இல்லை. அப்போது தூங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, என் அம்மா இருபது வருஷமாகத் தியேட்டரில் தூங்குகிறாள், கிளைமாக்ஸுக்குச் சரியாக எழுந்து "நான் சொல்லல, இவன்தான்னு" என்பாள், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தூக்கம் வரவில்லை என்றால் படத்தை நீங்களே எடிட் பண்ணுங்கள். இந்தக் காட்சியை எடுத்துவிட்டால் கதை புரியாமல் போகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தால் நேரம் போய்விடும். போன மாதம் ஒரு படத்தில் இப்படி 52 நிமிடம் வெட்டினேன், ஹீரோவின் தம்பி முழுசாகக் காணாமல் போனான், ஒருவருக்கும் நஷ்டமில்லை.

எழுந்து வந்த படத்தின் மிச்சத்தை ஓடிடியில் பார்ப்பீர்களா என்று கேட்பார்கள். பார்ப்பேன், விட்ட இடத்திலிருந்து, ஒன்றேகால் வேகத்தில், துணி மடித்துக்கொண்டே. அந்த வேகத்தில் ஸ்லோமோஷன் நடை சாதாரண நடையாகத் தெரியும், அதுவே ஒரு வேடிக்கை.

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஒற்றைத் திரை தியேட்டரில் மாலைக் காட்சி. மாமாவும் வந்திருந்தார். இடைவேளை எழுத்து விழுந்ததும் நான் பையை எடுத்தேன், அவர் ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பைக் ஸ்டாண்டுக்காரரிடம் டோக்கனை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, வெளியே போன வண்டிகளின் டோக்கன்களை ரப்பர் பேண்டில் கட்டி வைத்திருந்த கட்டோடு சேர்த்தார்.

"பதினாலு" என்றார். "ஹோட்டல் திறந்திருக்கும், போங்க சார்."